உப்புக்காற்று ஊரில் கமராவுக்கு முதலில் என்ன வாங்குவது?

வாவிக்கரை (கல்லடி, மட்டக்களப்பு)

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கனன் 1500டி வாங்கினேன், பாவித்ததுதான். அதோடு 18-55 லென்ஸ், ஒரு பற்றரி, சார்ஜர், 16 ஜீபி மெமரி காட் வந்தன. என் சொந்தக் காசில் வாங்கிய முதல் கமரா. ஒரு நாளாவது அதைக் கையில் எடுக்காமல் நித்திரைக்குப் போனதில்லை.

இனி அதற்கான துணைச் சாமான்கள் வாங்க வேண்டும். 60,000 ரூபா ஒதுக்கி வைத்திருக்கிறேன், அதற்கு மேல் முடியாது. காலையில் கடற்கரை, பின்னேரம் வாவியும் கல்லடிப் பாலமும், ஊரில் கூத்து நடந்தால் கூத்து, தை மாதம் மச்சாளின் கலியாணம், அடுத்த வருடம் எப்படியாவது குமண பறவைகள் சரணாலயம். இவைதான் எடுக்க ஆசை.

ஒரு கடையில் 50 சாமான் ஒரே பெட்டியில் என்று ஒன்று பார்த்தேன். சின்ன ட்ரைபொட், மூன்று பில்டர், முன்னால் திருகிப் பூட்டும் வைட் லென்ஸ், பிளாஷ், மைக், துடைக்கிற சாமான் எல்லாம் அதில் இருக்கின்றன. அதை வாங்கினால் ஒரேயடியாக வேலை முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். வாங்கலாமா?


கச்சான்காற்று (ஆரையம்பதி)

தம்பி, அந்தப் பெட்டியை வாங்க வேண்டாம். காரணத்தையும் சொல்கிறேன்.

முதலில் மைக். உங்கள் 1500டியில் வெளி மைக் பூட்டுகிற துளையே கிடையாது. கமராவின் இடது பக்க ரப்பர் மூடியைத் திறந்து பாருங்கள். ரிமோட்டுக்கும் யூஎஸ்பிக்கும் எச்டிஎம்ஐக்கும்தான் இடம் இருக்கும். மைக் எவ்வளவு திறமானதாக இருந்தாலும் இந்தக் கமராவில் அது பேசாது. அடுத்தது அந்த வைட் லென்ஸ். நல்ல கண்ணாடிக்கு முன்னால் மட்டமான கண்ணாடியைப் பூட்டினால் படத்தின் ஓரமெல்லாம் கரைந்துபோகும். ட்ரைபொட் கைபேசியைத் தாங்கும், கல்லடிக் கடற்கரைக் காற்றில் கமராவைத் தாங்காது. பிளாஷைப் பற்றி நம் மருதமுனைத்தறி காக்கா வந்து சொல்லட்டும், அதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது.

இப்போது எனக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். இந்த இரண்டு மாதத்தில் நீங்கள் எடுக்க நினைத்தும் சரிவராமல் போன படங்கள் எவை? ஒவ்வொன்றாக எழுதுங்கள். எந்தக் கடைப் பட்டியலையும்விட அது எங்களுக்கு உதவும்.


வாவிக்கரை

சரி அண்ணா, யோசித்து எழுதுகிறேன்.

வந்தாறுமூலைப் பக்கம் ஒரு கூத்துப் பழக்கத்துக்குப் போனேன். இரவு ஒன்பது மணிக்கு மேல். ஆடுகிறவர்கள் எல்லோரும் புகை மாதிரி அசைந்து போயிருந்தார்கள். கூத்தைப் பழக்குகிற அண்ணாவியாரின் முகம் மட்டும் ஒரு படத்தில் கொஞ்சம் தெளிவு.

பாலத்தை இருட்டுகிற நேரத்தில் எடுத்தேன். கமராவைக் கைபிடிச் சுவரில் வைத்து அமத்தினேன், ஆனாலும் ஆடிவிட்டது.

பாசிக்குடாவில் தண்ணீருக்குள் மணல் அவ்வளவு வடிவாகத் தெரிந்தது. படத்தில் எல்லாம் வெள்ளைப் பளபளப்பு.

அம்மம்மாவைத் திண்ணையில் இருத்தி மத்தியானம் எடுத்தேன். கண் இரண்டும் குழியாகக் கறுத்துப் போயின.

மாமாங்கேஸ்வரர் கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று, சாமி குளத்தடிக்கு வருகிற நேரம் பார்த்துப் பற்றரி செத்துப்போனது. அன்றைக்குப் போல் எனக்கு மனம் நொந்ததில்லை.

கடைசியாக ஒன்று. சூரியனைப் பார்த்து எடுக்கிற படங்களில் மட்டும் ஒரு வெண்மை பரவி நிற்கிறது. மூடுபனி மாதிரி. கடற்கரையில் நிற்கிற எல்லோருக்கும் அப்படித்தானா?


அண்ணாவிமகள் (வந்தாறுமூலை)

எங்கள் ஊர்க் கூத்தை எடுக்க வந்ததற்கு முதலில் நன்றி. நான் ஆறு வருடமாகக் களரியை, அதாவது கூத்தாடுகிற வட்டத்தை, சுற்றி நின்று எடுத்து வருகிறேன். அதனால் உங்கள் முதல் படத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கூத்துக்கு உங்களுக்குத் தேவை பிளாஷ் இல்லை, 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ். எஃப் எண் சின்னதானால் லென்ஸ் அகலமாகத் திறக்கும். லென்ஸைத் துணைச் சாமான் என்று யாரும் எண்ணுவதில்லை. ஆனால் உங்கள் 60,000இல் முதல் காசு அதற்குத்தான் போக வேண்டும். உங்கள் 18-55 லென்ஸ் 55இல் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. 1.8இல் உள்ளே வருகிற வெளிச்சம் அதைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு. 5.6இல் பத்தில் ஒரு செக்கன் கேட்கிற இடத்தில் 1.8 நூறில் ஒரு செக்கனைத் தந்துவிடும். ஆடுகிறவரின் கால் நிற்கிறதா கரைகிறதா என்பது அதில்தான் இருக்கிறது. பாவித்த 50 நிறையப் பேரிடம் கிடைக்கும், புதிதாகத்தான் வேண்டும் என்றில்லை.

களரியில் பிளாஷ் அடிப்பதை நான் விரும்புவதில்லை. ஆடுகிறவர் கரப்புடுப்போடு, அந்த விரிந்த கூத்து உடுப்போடு, சுழன்று வருகிறார், கண்ணில் வெளிச்சம் விழுந்தால் தாளம் தப்பும். சுற்றியிருக்கிற சனத்துக்கும் தொல்லை. கோயில் சடங்கென்றால் கேட்கவே வேண்டாம்.

டியூப் லைட்டுக்கும் மலிவு எல்ஈடிக்கும் கீழே எடுக்கும்போது படத்தில் குறுக்குக் கோடு விழுந்தால் பயப்பட வேண்டாம். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்கு செக்கனுக்கு 100 தடவை துடிக்கிறது. ஷட்டரைச் செக்கனில் 50இல் ஒன்றிலோ 100இல் ஒன்றிலோ வைத்தால் கோடு பெரும்பாலும் போய்விடும். 100இல் ஒன்று ஆட்டத்துக்குக் கொஞ்சம் மெதுவுதான். அதனால் நான் தாளக்கட்டு முடிகிற இடத்துக்குக் காத்திருப்பேன். மத்தளம் தீர்மானத்துக்கு வரும்போது எல்லோரும் ஒரு கணம் நிற்பார்கள். அந்தக் கணத்தைக் காது சொல்லித் தரும்.


மருதமுனைத்தறி (மருதமுனை)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கலியாண வீட்டு வேலை 14 வருடமாகச் செய்கிறேன். பிளாஷ் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

தம்பி, கமராவின் தலையில் பிளாஷ் பூட்டுகிற தட்டை உற்றுப் பாருங்கள். வேறு கமராக்களில் நட்ட நடுவில் ஒரு பெரிய வட்டப் புள்ளி இருக்கும். பிளாஷை வெடிக்க வைப்பது அதுதான். பெரும்பாலான சாதாரண பிளாஷ்கள் அந்தப் புள்ளியை நம்பித்தான் செய்யப்பட்டவை. கனன் தன் மலிவுக் கமராக்கள் சிலவற்றில் அதை எடுத்துவிட்டது, 1500டியும் அதில் ஒன்று. அதனால் நடுப் புள்ளியை மட்டும் நம்புகிற மெனுவல் பிளாஷ் உங்கள் கமராவில் பூட்டும், ஆனால் வெடிக்காது. அந்த 50 சாமான் பெட்டிக்குள் வருவது அநேகமாக அந்த வகைதான். கனனின் சொந்த பிளாஷ் வேலை செய்யும். வேறு கம்பனிகளில், கமராவும் பிளாஷும் பேசிக்கொள்கிற கனனின் ஈ-டிடிஎல் பாஷை தெரிந்தவற்றில் சில வேலை செய்யும். எதுவானாலும் கமராவைக் கடைக்குக் கொண்டுபோய், பூட்டி, நாலு தடவை வெடிக்கவைத்துப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். என்னிடம் பழகிய ஒரு பிள்ளை பெட்டியைப் பிரிக்காமல் வாங்கி வந்து கலியாணத்துக்கு முதல் நாள் இரவு அழுதது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மச்சாளின் கலியாணத்துக்கு எப்படியும் ஒருவரைப் பிடித்திருப்பார்கள். நீங்கள் பிளாஷ் இல்லாமல் 50 லென்ஸோடு ஓரமாக நின்று எடுங்கள். மணப்பெண் வெளிக்கிடுகிற அறை, யன்னல் வெளிச்சம், அம்மாவின் கை, இவையெல்லாம் பிளாஷ் அடித்தால் செத்துப்போகிற படங்கள்.

அம்மம்மாவின் கண் கறுத்த கதைக்கு மருந்து கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. மேடைச் சோடனைக்கு வாங்குகிற வெள்ளை ரெஜிபோம் பலகை ஒன்று, இரண்டு அடிக்கு மூன்று அடி போதும். அதை அவவின் மடிக்குக் கீழே, படத்தில் தெரியாமல், கொஞ்சம் சரித்து யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். முற்றத்து வெயில் பலகையில் பட்டு முகத்துக்குக் கீழிருந்து ஏறும். கடையில் விற்கிற மடக்குத் தட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. நான் இன்றைக்கும் வானில் இரண்டு ரெஜிபோம் இல்லாமல் வேலைக்குப் போவதில்லை.

பற்றரி கட்டாயம் இரண்டு வேண்டும். எல்பி-ஈ10 என்ற வகை, 860 மில்லி அம்பியர். கண்ணால் வியூபைண்டரில் பார்த்து எடுத்தால் ஒரு நிறைப்புக்கு 500 படம் என்று கனன் கணக்குச் சொல்கிறது. பின் திரையைப் பார்த்து எடுத்தால் ஏறத்தாழ அதில் பாதிதான். தீர்த்தத்தில் நீங்கள் அதிகம் திரையில்தான் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வேறு கம்பனிப் பற்றரி வாங்கலாம், தவறில்லை. ஆனால் வயிறு ஊதத் தொடங்கியதும் எடுத்து ஒதுக்கிவிடுங்கள். உள்ளே இறுகிப்போனால் வெளியே எடுப்பது பெரும் பாடு.

மெமரி காட் 128 ஒன்று வாங்குவதைவிட 64 ஜீபி இரண்டு வாங்குங்கள். உங்கள் கமராவில் காட் போட ஒரு இடம்தான் இருக்கிறது. ஒன்று பழுதானால் பாதிக் கலியாணமாவது கையில் இருக்கும். ரோ என்ற பெரிய, பதப்படுத்தாத கோப்பாக எடுத்தாலும் 64இல் 2000 அளவில் பிடிக்கும். காட்டில் வி30 அல்லது யூ3 என்ற வேகக் குறி இருந்தால் போதும். அதற்கு மேல் வேகமான யூஎச்எஸ்-2 காட்டுக்குக் கொடுக்கிற காசை இந்தக் கமராவால் பயன்படுத்த முடியாது. வாங்கிய அன்றே கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளைப் போட்டு முழுதும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். வெளியே 64 என்று அடித்து உள்ளே 8 மட்டும் இருக்கிற போலிகள் நிறையச் சுற்றுகின்றன. நிரம்புகிற வரைக்கும் அது தெரியாது, நிரம்பிய பிறகு தெரிந்து பயனில்லை.


உல்லைஅலை (பொத்துவில்)

பாலம், பாசிக்குடா இரண்டுக்கும் நான் சொல்கிறேன்.

ட்ரைபொட் வாங்கும்போது உயரத்தைப் பார்க்காமல் கடைசிக் காலின் தடிப்பைப் பாருங்கள். அது பென்சில் அளவு இருந்தால் வேண்டாம். நடுத் தண்டை உயர்த்தாமல் உங்கள் நெஞ்சு உயரத்துக்கு வந்தால் போதும். நடுத் தண்டின் அடியில் கொக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். கடற்காற்றில் பையை அதில் தொங்கவிடலாம், பை நிலத்தை இலேசாகத் தொட வேண்டும், இல்லாவிட்டால் ஊஞ்சலாகிவிடும். ரிமோட்டுக்குக் காசு செலவழிக்காதீர்கள். இரண்டு செக்கன் டைமரை வையுங்கள், அதே வேலை. லென்ஸில் கை நடுக்கத்தைச் சமன்செய்கிற ஐஎஸ் என்ற பொத்தானை ட்ரைபொட்டில் இருக்கும்போது ஓஃப் செய்யுங்கள். பாலத்தின் மேல் நின்று எடுத்தால் லொறி போகிற நேரம் தளம் நடுங்கும், எந்த ட்ரைபொட்டாலும் அதைத் தடுக்க முடியாது. நான் என்றால் கரையில் இறங்கி நின்று, 1924ஆம் ஆண்டுப் பழைய பாலத்தின் இரும்புச் சட்டங்களையும் தண்ணீரில் விழுகிற வெளிச்சத்தையும் சேர்த்து எடுப்பேன்.

இதைக் கவனமாக வாசியுங்கள். மணலிலும் அலை நுரையிலும் ட்ரைபொட்டை வைக்கும்போது எல்லோரும் மேல் காலை முதலில் இழுப்பார்கள். கடற்கரையில் கடைசிக் காலை, அதுதான் மெல்லிய காலை, முதலில் முழுதாக இழுங்கள். அப்போது திருகுப் பூட்டு மணலுக்கும் உப்புத் தண்ணீருக்கும் மேலே நிற்கும். வீட்டுக்கு வந்ததும் எல்லாக் காலையும் நீட்டி, நல்ல தண்ணீரில் கழுவி, நீட்டியபடியே நிழலில் காயவிடுங்கள். கடற்கரையோரக் கிணறென்றால் நாக்கில் வைத்துப் பாருங்கள். உவர் என்றால் குழாய்த் தண்ணீர். உவர்த் தண்ணீரில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசுகிற கதைதான்.

பாசிக்குடாவுக்குச் சுற்றுகிற போலரைசர் பில்டர். பளபளப்பைக் குறைக்க இது ஒன்றுதான் வழி, கணினியில் பிறகு செய்ய முடியாத வேலையும் இதுதான். தண்ணீரைக் கிட்டத்தட்ட 37 பாகைச் சரிவில் பார்க்கும்போது பளபளப்பு அதிகமாக வெட்டுப்படும். நேரே மேலிருந்து பார்த்தால் மாற்றமே தெரியாது. வானம் கருநீலமாக வேண்டுமென்றால் சூரியன் உங்கள் தோளுக்கு நேராக இருக்க வேண்டும். எங்கள் கரையில் சூரியன் கடலுக்குள்ளிருந்து வருகிறது, உதயத்தை எடுக்கிறவர் அதற்கு நேர் எதிரே நிற்கிறார். அந்த நேரம் போலரைசரால் ஒன்றும் ஆகாது. ஒன்றரையிலிருந்து இரண்டு ஸ்டொப் வெளிச்சத்தைத் தின்பதுதான் மிச்சம், ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதியாகும். ஒன்பது மணிக்குப் பிறகு பூட்டுங்கள்.

அளவு 58 மில்லிமீற்றர். பிறகு தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டுகிற 55-250 எஸ்டிஎம் லென்ஸ் வாங்கினாலும் அதே 58தான், அதே பில்டர் பொருந்தும். 50 எஸ்டிஎம்முக்கு 49. அளவை மாற்றுகிற படி வளையம் ஒன்று வாங்கினால் அதற்கும் இதையே பூட்டலாம். உங்கள் 18-55 ஐஎஸ் 2 வகை என்றால் போகஸ் ஆகும்போது முன் கண்ணாடி சுழலும், பூட்டிய பில்டரும் சேர்ந்து சுழலும். ஆகவே முதலில் போகஸ், பிறகு போலரைசரைத் திருப்புங்கள்.

வெளிச்சத்தைக் குறைத்து அலையைப் பால் மாதிரி ஆக்குகிற என்டி பில்டர் இப்போது வேண்டாம். காலை ஐந்தரைக்கு வந்து நில்லுங்கள், பில்டர் இல்லாமலே இரண்டு மூன்று செக்கன் கிடைக்கும்.

கடைசியாக, யூவீ பில்டர் ஒன்று கட்டாயம். உப்புத் தூவல் லென்ஸில் படாமல் காக்கும்.


கச்சான்காற்று

உல்லைஅலை அண்ணா சொன்ன எல்லாவற்றோடும் ஒத்துப்போகிறேன், யூவீயைத் தவிர. மலிவு யூவீ ஒன்றை முன்னால் பூட்டிவிட்டு இரவில் பாலத்து விளக்குகளை எடுத்தால் ஒவ்வொரு விளக்குக்கும் எதிர்ப்பக்கம் ஒரு பச்சைப் புள்ளி மிதக்கும். கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் இடையில் வெளிச்சம் பட்டுத் தெறிப்பதால் வருவது. லென்ஸின் முன்னால் பூட்டுகிற லென்ஸ் ஹூட் என்ற மறைப்பு ஒன்று போதும். அது வெயிலையும் தடுக்கும், முட்டுப்படும்போது அடியையும் தாங்கும்.


உல்லைஅலை

ஹூட் அடியைத் தாங்கும், தூவலைத் தாங்காது. நான் அலைக்குப் பக்கத்தில் நிற்கிறவன். ஒரு காலையில் பத்துத் தடவை துடைக்கிறேன், அந்தத் துடைப்பு பில்டரில் விழட்டும் என்றுதான் சொல்கிறேன். இரவில் கழற்ற வேண்டும் என்பது சரி. அதை நான் எழுதியிருக்க வேண்டும்.

துடைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. உப்புக் காய்ந்தால் பளிங்குத் துகள். அதைச் சாரன் முனையால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். முதலில் காற்றூதும் ரப்பர் பந்தால் ஊதுங்கள், பிறகு லென்ஸ் துடைக்கிற துணியை ஒரு சொட்டு நல்ல தண்ணீரில் நனைத்து ஒற்றி எடுங்கள், கடைசியில்தான் காய்ந்த துணி. வாயால் ஊதக் கூடாது.


ஏறாவூர்டீச்சர் (ஏறாவூர்)

வாவிக்கரைத் தம்பி, எல்லோரும் ஐந்து படத்துக்குப் பதில் சொல்லிவிட்டார்கள். எனக்கு உங்கள் ஆறாவது படம்தான் மனதைக் குடைகிறது. சூரியனைப் பார்த்து எடுக்கும்போது மட்டும் வெண்மை பரவுவது கடற்கரையில் எல்லோருக்கும் நடப்பதில்லை.

இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். லென்ஸைக் கழற்றுங்கள். முன்னால் பில்டர் பூட்டியிருந்தால் அதையும் கழற்றுங்கள். அறை லைட்டை அணைத்துவிட்டு, கைபேசி டோர்ச்சை லென்ஸின் பின்பக்கத்திலிருந்து கொஞ்சம் சரித்து அடித்து, முன்பக்கத்தால் பாருங்கள். தூசி புள்ளியாகத் தெரியும், அது பெரிய விஷயமில்லை. சிலந்தி நூல் மாதிரிக் கிளை விட்டு எதுவும் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.


வாவிக்கரை

டீச்சர், பார்த்தேன். முன்னால் ஒரு பழைய யூவீ பில்டர் இருந்தது, விற்றவர் பூட்டியது. அதைக் கழற்றிப் பார்த்தால் உள்பக்கம் எண்ணெய் மாதிரி மங்கல். அதற்குப் பிறகு லென்ஸுக்குள் டோர்ச் அடித்தேன். ஓரத்தில், கடிகாரத்தில் நாலு மணி இருக்கிற இடத்தில், மெல்லிய நூல் மாதிரி ஒன்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. நகக்கண் அளவு. பூஞ்சணமா? லென்ஸ் முடிந்ததா?


ஏறாவூர்டீச்சர்

பூஞ்சணம்தான். ஆனால் லென்ஸ் முடியவில்லை. மங்கலில் பெரும்பங்கு அந்த யூவீயால் வந்தது என்று நினைக்கிறேன். அதைக் கழற்றிவிட்டு நாளைக் காலை அதே இடத்தில் எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் அவ்வளவு சின்ன நூல் சாதாரணப் படத்தில் தெரியாது. பிரித்துத் துடைக்கக் கொடுத்தால் கூலி இன்னொரு பாவித்த 18-55இன் விலைக்குக் கிட்ட வரும். இப்படியே பாவியுங்கள், வளராமல் மட்டும் பாருங்கள்.

நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வாப்பா எனக்கு வாங்கித் தந்த லென்ஸ் ஒன்றை ஒரு மாரி முழுக்கத் தோல் பைக்குள் மூடி அலுமாரியில் வைத்திருந்தேன். பத்திரம் என்று நினைத்தேன். தை மாதம் திறந்தபோது நடுக் கண்ணாடி முழுக்க வலை. பூஞ்சண வித்து காற்றில் எப்போதும் இருக்கிறது, அதை யாராலும் தடுக்க முடியாது. அது முளைக்க ஈரமும் இருட்டும் அசையாத காற்றும் வேண்டும். மூன்றையும் நான் என் கையால் கொடுத்திருந்தேன்.

மாரிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் எங்கள் வீட்டுச் சுவரே வியர்க்கும். அதற்கு முன் இதைச் செய்யுங்கள். ரப்பர் விளிம்பு வைத்த, இறுகப் பூட்டுகிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. சமையலறைச் சாமான் கடையில் கிடைக்கும். உள்ளே வைக்கச் சின்ன ஈரப்பதன் மானி ஒன்று. சிலிக்கா ஜெல் அரைக் கிலோ, செம்மஞ்சளிலிருந்து பச்சையாக மாறுகிற வகை. நீலத்திலிருந்து ரோஸ் நிறமாகிற வகையில் கோபால்ட் உண்டு, அது நச்சு, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். மானி 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். 60ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணத்துக்கு வாசல் திறந்த மாதிரி. ஒரேயடியாக 30க்குக் கீழே இறக்கவும் வேண்டாம், ரப்பரும் எண்ணெயும் காய்ந்துபோகும்.

ஜெல் பச்சையானதும் எறிய வேண்டாம். பழைய தாச்சி ஒன்றில் போட்டு, மிக மெல்லிய சூட்டில், நிறம் திரும்பி வரும் வரை கிளறுங்கள். யன்னலைத் திறந்து வையுங்கள். அந்தத் தாச்சியை அதன் பிறகு சமையலுக்கு எடுக்கக் கூடாது. கமராப் பையைச் சேமிப்புப் பெட்டியாகப் பாவிக்க வேண்டாம். பை பயணத்துக்கு மட்டும், அதன் ஸ்பொஞ் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும்.


முகத்துவாரம்77

எங்கள் வீட்டில் அரிசிப் பானைக்குள் வைப்போம். செலவில்லாமல் அதே வேலை நடக்குமே?


ஏறாவூர்டீச்சர்

அரிசி ஈரத்தை இழுப்பது மிகக் கொஞ்சம். அதற்குப் பதிலாக மாத்தூளை லென்ஸின் வளையங்களுக்குள் விட்டுவிடும். வண்டும் வரும். வேண்டாம், பானையிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள்.


இங்கினியாகல (அம்பாறை)

குமண என்று வாசித்ததும் எழுத வந்தேன். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை பறவைகள் கூடு கட்டுகிற காலம், அந்த நேரம் போங்கள். ஜீப்புக்குள் ட்ரைபொட்டை விரிக்க இடம் கிடையாது, விரித்தாலும் பக்கத்தில் இருப்பவரின் காலில்தான் நிற்கும். தடித்த துணியில் ஒரு முழ நீளப் பை தைத்து, முக்கால்வாசி பயறு நிரப்பி, வாய் தையுங்கள். ஜீப்பின் கம்பியில் போட்டு லென்ஸை அதற்குள் அமத்தினால் கல்லில் வைத்த மாதிரி இருக்கும். முழுதாக நிரப்பினால் உருளும், அதனால்தான் முக்கால்வாசி. டீச்சர் சொன்ன அரிசிக்கு இங்கேயும் இடமில்லை, மாத்தூள் துணியால் கசியும்.

ஒரு கட்டளை மாதிரிச் சொல்கிறேன்: படம் எடுக்கிற நேரம் சாரதியிடம் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். சேனாநாயக்க சமுத்திரத்தில் தீவுக்குத் தீவு யானை நீந்துவதைப் பார்க்கப் படகில் போனாலும் இதேதான். மோட்டார் ஓடும்போது படகின் விளிம்பில் கையையோ பையையோ ஊன்ற வேண்டாம். நடுக்கம் அப்படியே லென்ஸுக்கு ஏறும். அப்போது முழங்கையை வயிற்றோடு அணைத்துக் கையில் பிடிப்பதுதான் நல்லது.

ஏசி அறையில் தங்கினால் காலையில் கமராவைப் பைக்குள் பூட்டியபடியே வெளியே கொண்டுவந்து அரை மணித்தியாலம் வைத்திருங்கள். குளிர்ந்த கண்ணாடியைத் திடீரென்று வெளியே எடுத்தால் வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் நீர் பூக்கும். மழைக்கு ஒரு தடித்த சொப்பின் பையும் இரண்டு ரப்பர் பட்டியும் பைக்குள் எப்போதும் இருக்கட்டும்.


வாவிக்கரை

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்றுக் காலை யூவீ இல்லாமல் கடற்கரையில் எடுத்தேன். டீச்சர் சொன்னது சரி, மூடுபனியில் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் இருக்கிற மங்கல் சூரியன் சட்டத்துக்குள் நேரே இருந்தால் மட்டும் தெரிகிறது.

வாங்கியதைச் சொல்கிறேன். பாவித்த 50 எஃப் 1.8 கிடைத்தது. காசு கொடுக்க முன் அங்கேயே டோர்ச் அடித்துப் பார்த்தேன், சுத்தம். ஒரு பற்றரி, 64 காட் இரண்டு. இரண்டையும் சோதித்துவிட்டேன், முழு அளவும் உண்மை. காற்றூதி, துணி, பெட்டி, மானி, சிலிக்கா ஜெல். 58 போலரைசர் ஒன்று. ட்ரைபொட்டுக்கு மிச்சக் காசு காணாமல் இருந்தது, கச்சான்காற்று அண்ணா தன்னுடைய பழையதைப் பாதி விலைக்குத் தந்தார். கொக்கி இருக்கிறது. பிளாஷ் வாங்கவில்லை, மைக்கும் இல்லை. பயறுப் பையை அம்மா தைத்துக்கொண்டிருக்கிறா. காசில் இன்னும் கொஞ்சம் மிச்சம், அதைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

ஒரு கேள்வி. பூஞ்சணம் பிடித்த 18-55ஐயும் புது 50ஐயும் ஒரே பெட்டியில் வைக்கலாமா?


ஏறாவூர்டீச்சர்

ஈரப்பதன் 50க்குக் கீழே நின்றால் ஒன்றாக வைத்தாலும் பயமில்லை என்பார்கள். என்றாலும் நான் வேறாகத்தான் வைப்பேன். 18-55ஐச் சின்ன டப்பா ஒன்றில், கொஞ்ச ஜெல்லோடு வையுங்கள். மாதம் ஒரு தடவை டோர்ச் அடித்து அந்த நூல் நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். இப்போதே ஒரு படம் எடுத்து வைத்தால் ஒப்பிட வசதி.


அண்ணாவிமகள்

வருகிற வெள்ளி இரவு மறுபடியும் பழக்கம் இருக்கிறது. 50ஐக் கொண்டு வாருங்கள் தம்பி. மத்தளக்காரருக்குப் பின்னால் நில்லுங்கள், அங்கிருந்துதான் முகங்கள் தெரியும்.


மருதமுனைத்தறி

தையில் கலியாணத்துக்கு முன் ஒரு நாள் இந்தப் பக்கம் வந்தால் என்னிடம் இருக்கிற பிளாஷ்களை உங்கள் கமராவில் பூட்டிப் பார்க்கலாம். எது வெடிக்கிறது என்று தெரிந்துகொண்டு பிறகு வாங்குங்கள். ரெஜிபோமும் தருகிறேன்.


வாவிக்கரை

கட்டாயம் வருகிறேன் காக்கா. வெள்ளி இரவு வந்தாறுமூலைக்கும் வருகிறேன் அக்கா.

அம்மம்மாவை நேற்றுத் திரும்பவும் திண்ணையில் இருத்தினேன். பக்கத்து வீட்டில் பூப்புனித நீராட்டு விழாவுக்கு வாங்கிய ரெஜிபோம் ஒரு துண்டு கிடைத்தது, தங்கச்சி பிடித்தாள். அவவின் கண் இரண்டும் தெளிவாக வந்திருக்கின்றன. இடது கண்ணில் படலம் இருப்பதைப் படத்தில் பார்த்துத்தான் நாங்கள் கண்டோம், அடுத்த கிழமை கண் வைத்தியரிடம் கூட்டிப் போகிறோம்.

மானியை முதலில் பெட்டிக்கு வெளியே மேசையில் வைத்தேன், 82 காட்டியது. ஜெல்லோடு உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு இன்று காலை பார்த்தேன். 47.